மூன்று போல்ட்டும் ஒரு பிளாஸ்டிக் மூடியும்: டயர் ரீட்ரேடிங் பட்டறையில் நடந்த ஆவி வெடிப்பு – நிகழ்வு ஆய்வு

மார்த்தாண்டத்திலிருந்து குலசேகரம் போகும் சாலையை விட்டு உள்ளே விலகி, ஒரு ரப்பர் தோட்டத்தை ஒட்டி அந்தப் பட்டறை இருக்கிறது. லாரி, பஸ் டயர்களின் தேய்ந்த மேற்பரப்பைச் சுரண்டி, புதிய ரப்பர் பட்டையை ஒட்டி, சூட்டில் வேகவைத்துக் கொடுக்கும் ரீட்ரேடிங் தொழில். எட்டுப் பேர் வேலை செய்கிறார்கள். ஐப்பசி மழை வெளுத்து வாங்கிய ஒரு மாலையில், அங்கே சொல்யூஷன் பூசும் அறையில் தேங்கியிருந்த ஆவி தீப்பிடித்து வெடித்தது. கூரைத் தகடுகள் இரண்டு பெயர்ந்தன. கதவு கீலோடு வெளியே விழுந்தது. ஒரு தொழிலாளிக்கு இரண்டு முன்கைகளிலும் முகத்திலும் தீக்காயம். மூன்று வாரம் மருத்துவமனையில் இருந்து பிழைத்து வந்தார்.

மூன்றாம் நாள் காலை உரிமையாளர் என்னை அழைத்தார். மின் மேற்பார்வையாளராக இந்த மாவட்டத்தில் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை பார்க்கிறேன். பெட்ரோல் பங்க், பெயின்ட் கிடங்கு, படகுத் துறை என்று எரியும் ஆவி உள்ள இடங்களே என் வேலையில் பாதி. நான் போய்ச் சேர்ந்ததும் அவர் சொன்ன முதல் வார்த்தை இது: "ஃப்ளேம்ப்ரூஃப் பெட்டிதான் போட்டிருக்கிறேன், சார். சாதாரணப் பெட்டியைப் போல ஆறேழு மடங்கு விலை கொடுத்து வாங்கினேன். பிறகு எப்படி வெடிக்கும்?"

அவர் சொன்னது உண்மை. எக்ஸாஸ்ட் விசிறியின் ஸ்டார்ட்டர் இருந்த அந்தப் பெட்டி, எரியும் ஆவி உள்ள இடத்துக்கென்றே செய்யப்பட்ட சரியான பெட்டிதான். அதனால்தான் இதை எழுதுகிறேன். தவறான கருவியை வாங்கி விபத்துக்குள்ளான கதைகள் நிறைய உண்டு. சரியான கருவியை வாங்கி, அதைத் திறந்து மூடியதில் கெடுத்துக்கொண்ட கதை அதைவிட அதிகமாக நடக்கிறது, அதை யாரும் சொல்வதில்லை.

அறையும் ஆவியும்

ரீட்ரேடிங்கில் பழைய டயரைப் பஃபிங் இயந்திரத்தில் சுரண்டிய பிறகு, அந்தச் சொரசொரப்பான பரப்பில் ரப்பர் சொல்யூஷன் பூசுவார்கள். சொல்யூஷன் என்பது ரப்பரை ஒரு பெட்ரோலிய சால்வென்ட்டில் கரைத்த கறுப்புப் பசை. பூசியபின் சால்வென்ட் ஆவியாகிப் போய்விட வேண்டும், ரப்பர் மட்டும் ஒட்டி நிற்க வேண்டும். அதாவது ஆவி உண்டாவது அங்கே விபத்தால் அல்ல, அந்த வேலையே ஆவியை உண்டாக்குவதுதான். இதை முதலில் மனத்தில் வைக்க வேண்டும்.

இந்த சால்வென்ட்டில் பெரும்பங்கு ஹெக்சேன் இனம். ஹெக்சேனின் தீப்பற்றுநிலை, அதாவது பொறி பட்டால் பற்றும் அளவுக்கு ஆவி எழும் மிகக் குறைந்த வெப்பநிலை, சைபருக்குக் கீழே சுமார் 22 டிகிரி செல்சியஸ். நம் ஊரில் மார்கழி விடியலில்கூட அது தீப்பிடிக்கத் தயாராக இருக்கிறது என்று பொருள். காற்றில் 1.1 விழுக்காடு கலந்தாலே எரியும் கலவை ஆகிவிடும், 7.5 விழுக்காட்டைத் தாண்டினால்தான் எரியாத அளவுக்கு அடர்த்தியாகும். அதன் ஆவி காற்றைப் போல மூன்று மடங்கு கனமானது. மேலே போகாது. தண்ணீரைப் போல இறங்கி, பள்ளத்தைத் தேடிப் போய்த் தேங்கும்.

அந்த அறை ஐந்து மீட்டர் நீளம், நான்கு மீட்டர் அகலம். பஃபிங் கூடத்தைவிடத் தரை ஒரு அடி தாழ்வு. கோடையில் குளிர்ச்சியாக இருக்கட்டும் என்று தாழ்த்திக் கட்டியதாகச் சொன்னார்கள். ஒரு கதவு, ஒரு ஜன்னல். சுவரின் உச்சியில், எட்டடி உயரத்தில், எக்ஸாஸ்ட் விசிறி. கனமான ஆவி தரையில் கிடக்க, காற்றை உறிஞ்சும் வாய் கூரைப் பக்கம் இருந்தது. புகை மேலே போகும் என்ற பழக்கத்தில் எல்லோரும் விசிறியை மேலேதான் வைக்கிறார்கள். இந்த மாவட்டத்தில் நான் பார்த்த பத்து சொல்யூஷன் அறைகளில் எட்டு இப்படித்தான் இருந்தன.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்தேன். ஒரு லிட்டர் ஹெக்சேன் முழுவதும் ஆவியானால் ஏறத்தாழ 190 லிட்டர் ஆவி. அது 1.1 விழுக்காடு என்ற கீழ் எல்லையில் பரவினால் சுமார் 17 கனமீட்டர் காற்றை எரியும் கலவையாக்கும். அந்த அறையின் தரைப் பரப்பு 20 சதுர மீட்டர். ஆகவே ஒரே ஒரு லிட்டர், தரையிலிருந்து ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் உயரத்துக்கு, ஒரு ஆளின் இடுப்பளவுக்குக் கொஞ்சம் கீழே வரை, அறை முழுவதையும் நிரப்பப் போதும். உண்மையில் அது இவ்வளவு சீராகப் பரவாது, சொல்யூஷன் ஊற்றி வைக்கும் தட்டின் பக்கத்தில் அடர்ந்தும் மூலையில் மெலிந்தும் இருக்கும். ஆனாலும் அளவு புரியும். அன்று தட்டில் ஊற்றிய சொல்யூஷன் மூன்று லிட்டர். அதில் பாதிக்கும் குறைவாகவே மிச்சம் இருந்தது. அதற்குச் சற்று முன் பூசி வைத்த மூன்று லாரி டயர்கள் வேறு அங்கே காய்ந்துகொண்டிருந்தன.

அன்று மாலை

நான்கரை மணிக்கு மழை வலுத்தது. சாரல் உள்ளே அடித்ததால் ஜன்னலைச் சாத்தினார்கள், பிறகு கதவையும் சாத்தினார்கள். ஈரம் பட்டால் சொல்யூஷன் பூசிய பரப்பு கெட்டுப்போகும், பட்டை ஒட்டாது. தொழில் தெரிந்தவர்கள் செய்கிற காரியம்தான். ஐந்து மணியளவில் மின்சாரம் போனது. பட்டறையில் ஜெனரேட்டர் உண்டு. வேகவைக்கும் சேம்பர் பாதியில் நின்றால் உள்ளே இருக்கும் டயர்கள் வீணாகும் என்பதால் அதற்கு மட்டும் ஜெனரேட்டர் இணைப்பு கொடுத்திருந்தார்கள். எக்ஸாஸ்ட் விசிறிக்கு இல்லை.

நாற்பது நிமிடம் கழித்து மின்சாரம் வந்தது. சொல்யூஷன் அறையின் விளக்கு தானாக எரிந்தது, அதன் சுவிட்ச் அணைக்கப்படவில்லை. விசிறி தானாக ஓடவில்லை, ஏனென்றால் அது ஸ்டார்ட்டர் வழியாக இயங்குவது, மின்சாரம் போனால் விட்டுவிடும், மறுபடி பொத்தானை அழுத்த வேண்டும். இரண்டு நிமிடம் கழித்து ஒரு தொழிலாளி கதவைத் திறந்து உள்ளே போனார். அவரை மருத்துவமனையில் பார்த்துப் பேசினேன். கட்டுப் போட்ட கைகளை மார்பின் மேல் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: "உள்ளே போனதும் வாசம் குத்தியது, அண்ணாச்சி. தலை சுற்றியது. சரி, முதலில் விசிறியைப் போடுவோம் என்று குனிந்து பச்சைப் பொத்தானை அழுத்தினேன். பெட்டிக்குள்ளே 'டப்' என்று ஒரு சத்தம். கால் பக்கம் நீலமாக ஓடியது. அவ்வளவுதான் தெரியும்."

அவர் செய்தது சரியான காரியம். அறையில் ஆவி தேங்கியிருக்கிறது என்று மூக்கு சொன்னது, அதை வெளியேற்ற விசிறியைப் போட முனைந்தார். அந்தப் பொத்தான் அந்த ஆவிக்குள்ளேயே இருந்தது என்பது அவர் பிழை அல்ல.

அவர் 'குனிந்து' என்று சொன்ன சொல் என்னை நிறுத்தியது. போய் அளந்து பார்த்தேன். ஸ்டார்ட்டர் பெட்டி தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் இருந்தது. பக்கத்துக் கூடத்தின் தரைக் கால்வாய் வழியாகக் கேபிள் வந்ததால், சுவரில் ஓட்டை போட்ட இடத்துக்கு நேராகவே பெட்டியை மாட்டிவிட்டார்கள். ஒன்றரை மீட்டர் கேபிளை மிச்சம் பிடித்தார்கள். அந்த மிச்சத்தால் பெட்டி ஆவிக்குள் மூழ்கியது, பொத்தானை அழுத்துபவரின் முகம் பெட்டிக்கு நேராக வந்தது.

பெட்டியில் கண்டவை

பெட்டியைச் சுவரிலிருந்து இறக்காமல், முதலில் படம் எடுத்துவிட்டுப் பார்த்தேன். பெயர்த் தகட்டில் எல்லாம் ஒழுங்காக இருந்தது: வெடிக்கும் ஆவி உள்ள இடத்துக்கான கருவி என்று காட்டும் எக்ஸ் அடையாளம், எந்த வகை ஆவிகளுக்கு ஏற்றது என்று சொல்லும் 2ஏ மற்றும் 2பி வாயுக் குழு, வெப்பநிலை வகுப்பு டி6. ஹெக்சேனுக்கு 2ஏ குழு போதும். அது தானாகத் தீப்பிடிக்கும் வெப்பநிலை சுமார் 225 டிகிரி, அதற்கு டி3 போதும், டி6 என்றால் 85 டிகிரிக்கு மேல் மேற்பரப்பு சூடாகாது. தேவையைவிட நல்ல பெட்டி.

மூடியில் எட்டு போல்ட் துளைகள். மூன்றில் மட்டும் போல்ட் இருந்தது. அவற்றிலும் ஒன்று தயாரிப்பாளர் கொடுத்தது, மற்ற இரண்டும் கடையில் வாங்கிய சாதாரண இரும்பு போல்ட்டுகள். ஒன்று நீளம் போதாமல் இரண்டு மரையில்தான் பிடித்திருந்தது. மீதி ஐந்து துளைகளில் மூன்றில் பழைய போல்ட் துருவேறி உள்ளேயே முறிந்து நின்றது.

மூடியைக் கழற்றினேன். மூடியும் பெட்டியும் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும் விளிம்பு முழுவதும் கண்ணாடி போல இழைத்திருக்க வேண்டிய இடம். அங்கே வெள்ளை சிலிக்கோன் பசை கட்டியாகப் பிதுங்கி உறைந்திருந்தது. பசையைச் சுரண்டி எடுத்தால் அடியில் உப்புத்தாள் தேய்த்த கீறல்கள், ஓரிடத்தில் கிரைண்டர் பட்ட பள்ளம். மூடியைத் திரும்ப வைத்து, இருந்த மூன்று போல்ட்டையும் முறுக்கி, இடைவெளியை ஃபீலர் கேஜ் என்னும் மெல்லிய அளவுத் தகடுகளால் பார்த்தேன். அரை மில்லிமீட்டர் தகடு தடையில்லாமல் உள்ளே போனது. அந்த அளவுப் பெட்டிக்கு அதில் பாதிகூட அனுமதி இல்லை.

பிறகு அடிப்பக்கம். கேபிள் நுழைய இரண்டு வாய்கள். ஒன்றில் கேபிளும் அதை வாயில் இறுக்கிப் பிடிக்கும் இரட்டைப் பிடி கிளாண்டும் சரியாக இருந்தன. மற்றது பயன்படாத வாய். அது திறந்து கிடந்தது. சுற்றிலும் உருகிய சிவப்புப் பிளாஸ்டிக் ஒட்டியிருந்தது. அந்த வாயிலிருந்து சுவரில் கீழ்நோக்கி விசிறி மடிப்பு போல விரிந்த கரிப்படிவு. எதிர்ச் சுவரின் அடியில், டயர்களுக்குப் பின்னால், பாதி உருகிய சிவப்பு மூடி கிடந்தது.

இப்படி ஒரு பெட்டி தொழிற்சாலையிலிருந்து வரும்போது, வழியில் தூசி புகாமல் இருக்க வாய்களில் பிளாஸ்டிக் மூடி செருகி அனுப்புவார்கள். அது பயணத்துக்கான மூடி. மாட்டும்போது அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, பயன்படாத வாயில் சான்று பெற்ற உலோக அடைப்பானை மரை பிடிக்க முறுக்க வேண்டும். அந்தச் சிவப்பு மூடி ஆறு ஆண்டுகள் அங்கேயே இருந்திருக்கிறது. பார்த்தவர்கள் எல்லோருக்கும் வாய் மூடியிருப்பதாகவே தோன்றியிருக்கும்.

பெட்டி என்ன செய்யும் என்று நினைக்கிறோம், உண்மையில் என்ன செய்கிறது

ஃப்ளேம்ப்ரூஃப் என்ற சொல்லைக் கேட்டதும், ஆவி உள்ளே புகாத பெட்டி என்றே நம் வயர்மேன்களில் பலரும் எடுத்துக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஆவி உள்ளே போகும். பகலில் பெட்டி சூடாகி உள்ளிருக்கும் காற்று விரிந்து வெளியேறும், இரவில் குளிர்ந்து சுருங்கும்போது வெளிக்காற்றை இழுக்கும். பெட்டி மூச்சு விடுகிறது. சுற்றிலும் ஆவி இருந்தால் ஆவியையே மூச்சாக இழுக்கும். ஸ்டார்ட்டருக்குள் மின்சுற்றை இணைக்கும் காண்டாக்டர் சேரும்போது வரும் பொறியில் அந்த ஆவி உள்ளேயே வெடிக்கவும் செய்யும். இதை எல்லாம் தெரிந்தேதான் அந்தப் பெட்டியை வடிவமைத்திருக்கிறார்கள்.

அது செய்யும் வேலை வேறு. உள்ளே நடக்கும் வெடிப்பைத் தாங்கி நிற்கும், அதன் நெருப்பை வெளியே விடாது. வெடித்த சூடான வாயு விளிம்புகளுக்கு நடுவே உள்ள முடியளவு இடுக்கு வழியாக வெளியேறும்போது, இரு பக்கமும் உள்ள உலோகம் அதன் சூட்டைக் குடித்துவிடும். வெளியே வரும் வாயு வெளியிலுள்ள ஆவியைப் பற்றவைக்கும் சூட்டோடு இருக்காது. பள்ளி ஆய்வகத்தில் பர்னர் மேல் கம்பி வலையைப் பிடித்தால் நெருப்பு வலைக்குக் கீழேயே நின்றுவிடுவதைப் பலரும் பார்த்திருப்போம். 1815இல் ஹம்ஃப்ரி டேவி சுரங்க விளக்கைச் சுற்றிக் கம்பி வலை போட்டது இந்த நியாயத்தில்தான். பிறகு இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மனியில் கார்ல் பைலிங் என்ற சுரங்கப் பொறியாளர் மின்கருவிகளுக்கு இதைச் சோதித்து நிலைநிறுத்தினார்.

ஆகவே அந்தப் பெட்டியின் உயிர் இரும்பின் கனத்தில் இல்லை. விளிம்பில் இருக்கிறது, இடுக்கின் அளவில் இருக்கிறது, அதை அந்த அளவிலேயே அழுத்திப் பிடிக்கும் போல்ட்டுகளில் இருக்கிறது. உள்ளே வெடித்தால் அழுத்தம் வளிமண்டலத்தைப் போல ஏழெட்டு மடங்கு வரை ஏறலாம். அந்த மூடி இருபதுக்கு இருபது சென்டிமீட்டர். சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ என்று வைத்தால், மூடியை வெளியே தள்ளும் விசை உத்தேசமாக 2,800 கிலோ எடைக்குச் சமம். எட்டு போல்ட்டுகள் பகிர்ந்துகொண்டால் ஒவ்வொன்றுக்கும் 350 கிலோ. மூன்று என்றால் ஒவ்வொன்றுக்கும் 930 கிலோவுக்கு மேல், அதுவும் இரண்டு மரையில் தொங்கும் கடைச் சரக்குக்கு. போல்ட் குறைந்தால் மூடி கண நேரம் எழும்பும், இடுக்கு விரியும், நெருப்பு முழுச் சூட்டோடு வெளியே வரும்.

இந்த விபத்தில் மூடி எழும்புவதற்கு முன்பே நெருப்பு எளிய வழி கண்டுபிடித்துவிட்டது. பிளாஸ்டிக் மூடி குண்டு போலப் பறந்து, அந்த வாய் வழியாக நெருப்பு நேரே தரையை நோக்கி அடித்தது. ஆவி அடர்ந்து கிடந்த இடமும் தரைதான். எட்டு போல்ட்டும் சரியாக இருந்திருந்தாலும் அந்த ஒரு வாயே விபத்துக்குப் போதுமானது. இதில் எனக்கு ஐயமில்லை.

மற்ற காரணங்களையும் பார்த்தேன். விளக்கு கூரையருகே இருந்தது, மின்சாரம் வந்ததும் எரிந்தது, அதன்பின் இரண்டு நிமிடம் எதுவும் நடக்கவில்லை. அன்று இடி மின்னல் இல்லை, வெறும் மழை. தொழிலாளி எதையும் ஊற்றவில்லை, ஆகவே நிலைமின்சாரப் பொறிக்கு அந்த நேரத்தில் வேலை இல்லை. அவருடைய கைப்பேசி சட்டைப் பையில் இருந்தது, பிறகும் வேலை செய்தது. சுவரில் இருந்த கரிப்படிவு, பறந்த மூடி, அவர் கேட்ட 'டப்' சத்தம் மூன்றும் ஒரே இடத்தைக் காட்டின.

சிலிக்கோன் பசை எப்படி வந்தது

இதை விசாரிக்கத்தான் எனக்கு அதிக நேரம் ஆனது, இதுவே முக்கியம் என்று நினைக்கிறேன். முந்தைய ஆண்டு ஆடி மழையில் ஸ்டார்ட்டர் அடிக்கடி விட்டுப்போனது. உள்ளூர் வயர்மேன் ஒருவர் வந்து திறந்தார். உள்ளே தண்ணீர். விளிம்பில் துரு. போல்ட்டுகளை எடுக்கும்போதே முறிந்தன. அவர் துருவை உப்புத்தாளால் தேய்த்தார், பிடிவாதமான இடத்தில் கிரைண்டர் வைத்தார், தண்ணீர் திரும்ப வராமல் இருக்கப் பசை பூசினார், கையில் இருந்த போல்ட்டைப் போட்டார். அதன்பின் ஸ்டார்ட்டர் ஒரு நாள்கூடத் தகராறு செய்யவில்லை. பட்டறையில் எல்லோரும் அவரை நல்ல வேலைக்காரர் என்றே சொன்னார்கள். நானும் அவரைச் சந்தித்தேன். நல்ல வேலைக்காரர்தான். தண்ணீரை நிறுத்தச் சொன்னார்கள், நிறுத்தினார். அது நெருப்பை நிறுத்தும் விளிம்பு என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை.

கன்னியாகுமரி மாவட்டத்துக்கு இது தனிப் பிரச்சினை. தென்மேற்குப் பருவமழையும் நமக்கு உண்டு, வடகிழக்கும் உண்டு. ஜூனில் நனைந்த பெட்டி காய்வதற்குள் அக்டோபர் வந்துவிடும். கடற்கரைப் பக்கம் என்றால் உப்புக்காற்று வேறு. ஃப்ளேம்ப்ரூஃப் என்பதற்கும் தண்ணீர் புகாதது என்பதற்கும் சம்பந்தமில்லை, அது தனித் தகுதி. மழை படும் இடத்துக்கு இரண்டு தகுதியும் உள்ள பெட்டியை வாங்க வேண்டும். தயாரிப்பாளரே ரப்பர் வளையம் வைக்கும் வடிவங்கள் உண்டு, அவற்றில் வளையம் இடுக்குக்கு அப்பால் தனிப் பள்ளத்தில் உட்காரும். விளிம்பில் இறுகாத கிரீஸ் மெல்லியதாகப் பூசலாம், அது துருவையும் தடுக்கும். உறைந்து இறுகும் பசை, பெயின்ட், தாள் கேஸ்கெட் எதுவும் கூடாது. துரு ஏறிய விளிம்பை இழைக்கவும் கூடாது. கீறல் விழுந்த மூடியை மாற்ற வேண்டும், அல்லது அந்தப் பணிக்கென்றே தகுதி பெற்ற பழுதுபார்ப்பு நிலையத்துக்கு அனுப்ப வேண்டும்.

சட்டம் பற்றிச் சுருக்கமாக

அபாயப் பகுதிகளை வகைப்படுத்துவது, கருவியைப் பொருத்துவது, ஆய்வு செய்வது, பழுதுபார்ப்பது ஒவ்வொன்றுக்கும் ஐஎஸ்/ஐஇசி 60079 வரிசையில் தனித்தனி இந்தியத் தரநிலை உண்டு. பராமரிப்பு ஆய்வு 17ஆம் பகுதி. வல்லுநர் ஆலோசனை இல்லாமல் இரு ஆய்வுகளுக்கு இடையே மூன்று ஆண்டுகளுக்கு மேல் விடக்கூடாது என்பது அதில் உள்ளது. இந்தப் பெட்டியை ஆறு ஆண்டுகளில் ஒருவரும் ஆய்வுக்கென்று திறக்கவில்லை.

சால்வென்ட் பற்றி உரிமையாளருக்குத் தெரியாத ஒன்று இருந்தது. 1934ஆம் ஆண்டு பெட்ரோலியச் சட்டப்படி தீப்பற்றுநிலை 23 டிகிரிக்குக் கீழே உள்ளவை 'ஏ' வகுப்பு. விற்பனைக்கல்லாமல் வைத்திருந்தாலும் 30 லிட்டருக்கு மேல் போனால் உரிமம் வேண்டும். அதை நாக்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட, பெட்ரோலியம், வெடிபொருள் பாதுகாப்புக்கான மத்திய அரசு அமைப்பான பெசோ பார்த்துக்கொள்கிறது. பட்டறையின் பின்கொட்டகையில் 200 லிட்டர் டிரம் இருந்தது.

எரியும் ஆவி உள்ள இடத்தில் பொறி எழக்கூடிய எதையும் விலக்க வேண்டும், அல்லது முறையாக அடைத்து வைக்க வேண்டும் என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 37ஆம் பிரிவே சொல்லியிருந்தது. எட்டுப் பேர் வேலை செய்யும் பட்டறை ஆள் எண்ணிக்கையில் தப்பிவிடும். ஆவி ஆள் எண்ணிப் பார்த்து வெடிப்பதில்லை.

செய்த மாற்றங்கள்

உரிமையாளர் செலவுக்குத் தயங்கவில்லை. காயப்பட்டவர் அவரிடம் பன்னிரண்டு ஆண்டுகளாக இருப்பவர், அந்த வருத்தம் அவர் முகத்திலேயே இருந்தது. "மக்களே, இனி என்ன செய்ய வேண்டுமோ எழுதிக் கொடு" என்றார். என்னைவிட வயதில் மூத்தவர், என்னை 'மக்களே' என்று அழைத்தது அதனால் வந்த உரிமை.

முதலில் ஸ்டார்ட்டரை அந்த அறையிலிருந்தே வெளியேற்றினோம். ஆவி இல்லாத இடத்தில் வைக்க முடிகிற கருவியை ஆவிக்குள் வைத்து அதற்குக் காவல் போடுவது வீண் வேலை. இப்போது அது பஃபிங் கூடத்தின் மறுகோடிச் சுவரில், ஐந்தடி உயரத்தில், கதவுக்கு நேராக இல்லாமல் இருக்கிறது. பச்சைப் பொத்தானை அழுத்த யாரும் சொல்யூஷன் அறைக்குள் போக வேண்டியதில்லை.

விசிறியை மேலிருந்து எடுத்தோம். தரையை ஒட்டி இரண்டு உறிஞ்சு வாய்கள், எதிர்ச் சுவரில் காற்று நுழைய மழை அடிக்காத சாய்வுப் பலகை வழி. மோட்டார் குழாய்க்கு வெளியே, இறக்கைகள் உரசினாலும் பொறி வராத வகை. அறைத் தரையைக் கூடத்தின் மட்டத்துக்கு உயர்த்தினோம். பாதிச் செலவு இதற்கே ஆனது, ஆனால் இதைத்தான் நான் விட்டுக்கொடுக்க மறுத்தேன். ஜெனரேட்டரின் முதல் இணைப்பு விசிறிக்கு, அதன் பிறகே சேம்பருக்கு. விசிறி பத்து நிமிடம் ஓடிய பின்னரே அந்த அறையின் மற்ற மின்சுற்றுகளுக்கு மின்சாரம் போகும்படி டைமர் வைத்தோம். விளக்கு மட்டும் அறைக்குள் இருக்கிறது. அது முழு ஆய்வு முடித்து, எண் எழுதி, பதிவேட்டில் ஏறிய ஃப்ளேம்ப்ரூஃப் விளக்கு.

அகலத் தட்டு போய்விட்டது. தானாக மூடிக்கொள்ளும் சிறு உலோகக் குவளையிலிருந்து பிரஷ்ஷால் எடுக்கிறார்கள். பெரிய கலத்திலிருந்து குவளைக்கு ஊற்றும்போது இரண்டையும் செம்புக் கம்பியால் இணைத்து எர்த்தோடு சேர்க்கிறார்கள். முன்பு பிளாஸ்டிக் வாளியில் ஊற்றினார்கள். நல்ல வேளையாக விபத்து அந்த வழியில் வரவில்லை, வந்திருக்கவும் கூடும். சொல்யூஷனே தேவைப்படாமல், சூடான ரப்பரை நேரே டயரில் பிழிந்து ஒட்டும் இயந்திரம் பெரிய நிறுவனங்களில் உண்டு. இந்தப் பட்டறைக்கு அது இப்போது எட்டாத விலை.

இதே மாவட்டத்தில் வேறு இடங்களில்

இந்த வேலை முடிந்த பிறகு, நான் போகும் இடத்தில் எல்லாம் முதலில் பயன்படாத வாய்களைத் தடவிப் பார்க்கிறேன். கடற்கரைப் பக்கம் ஃபைபர் வள்ளம் கட்டும் கொட்டகைகளில் அதே போன்ற மூடியை இரண்டு முறை பார்த்துவிட்டேன், ஒன்று மஞ்சள், ஒன்று சிவப்பு. அங்கே பிசினில் இருக்கும் ஸ்டைரீனின் தீப்பற்றுநிலை சுமார் 31 டிகிரி. குளச்சலில் பங்குனி மதியம் கொட்டகைக்குள் அந்தச் சூடு சாதாரணமாக இருக்கும். பிரஷ் கழுவ வைத்திருக்கும் அசிட்டோனுக்கு அந்தக் கணக்கே வேண்டாம், அதன் தீப்பற்றுநிலை சைபருக்குக் கீழே சுமார் 20. இரண்டின் ஆவியும் தரையில்தான் கிடக்கும். அதே தரையில்தான் கிரைண்டரின் நீட்டிப்புப் பலகையும் கிடக்கிறது.

துறைமுகங்களின் ஐஸ் ஆலைகளில் மட்டும் கணக்கு தலைகீழ். அம்மோனியா காற்றைவிட இலேசானது, கூரைக்குப் போகும். அது நஞ்சு என்று எல்லோருக்கும் தெரியும், காற்றில் சுமார் 15 விழுக்காட்டைத் தாண்டினால் எரியவும் செய்யும் என்பது பலருக்குத் தெரியாது. அங்கே விசிறி மேலே இருப்பதே சரி. சொல்யூஷன் அறையில் கற்றதை அப்படியே அங்கே கொண்டுபோனால் தவறாகிவிடும்.

ஆறு மாதம் கழித்துப் பட்டறைக்கு மறு ஆய்வுக்குப் போனேன். காயப்பட்டவர் வேலைக்குத் திரும்பியிருந்தார். முன்கைத் தோல் இன்னும் பளபளப்பாக, வேறு நிறமாக இருக்கிறது. பதிவேட்டை அவரே எழுதுகிறார். ஃபீலர் கேஜைச் சட்டைப் பையில் வைத்திருக்கிறார். விளக்கின் மூடியை என்னோடு சேர்ந்து திறந்தார், விளிம்பைத் துணியால் துடைத்தார், கிரீஸ் பூசினார், போல்ட்டுகளைக் குறுக்குக் குறுக்காக முறுக்கினார். ஒவ்வொன்றையும் வாய்விட்டு எண்ணினார். சால்வென்ட் உரிமத்துக்கான விண்ணப்பம் போயிருக்கிறது, அது வரும்வரை 25 லிட்டர் கேன் ஒன்று மட்டும் வாங்குகிறார்கள். பஃபிங் கூடத்தில் தூசி உறிஞ்சும் மோட்டாரின் பெட்டியில் இரண்டு போல்ட்டுகளின் மரை தேய்ந்திருப்பதை அவர்தான் கண்டுபிடித்தார். தயாரிப்பாளரிடம் சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். அவை வந்து சேரும்வரை அந்த மோட்டாரின் ஃப்யூஸைப் பிடுங்கி உரிமையாளரின் மேசை இழுப்பறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள்.